திரைக்குப் பின்னால் இருந்தது சுவர்



டிசம்பர் லீவில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய் வந்த படங்களை இங்கே போட்டிருந்தேன். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்துக்கு நிறையப் பேர் லைக் போட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நாங்கள் நாலு இரவு படுத்த அறையின் படத்தை நான் போடவில்லை. இன்று அதைத்தான் எழுதுகிறேன்.

ஆசிரியர் சம்பளத்தில் வெளிநாட்டுப் பயணம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. டிக்கெட் எடுத்துப் போக மிஞ்சியதில், மஸ்ஜித் இந்தியா பக்கமாக ஒரு மலிவான ஹோட்டலை இணையத்தில் புக் பண்ணினேன். படத்தில் வெள்ளை விரிப்பு, பெரிய ஜன்னல், வெளியே நகரம். காசு திரும்பக் கிடையாது என்ற நிபந்தனையோடு எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைவு. அதையே எடுத்தேன்.

இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் முற்பணமாக 50 ரிங்கிட் கேட்டார்கள். அதோடு சுற்றுலா வரி. வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்று 2017 முதல் அங்கே அறவிடுகிறார்கள். அது அரசாங்க வரி, ஹோட்டலின் தவறல்ல. முதலே தெரிந்திருந்தால் 40 ரிங்கிட்டை ஒதுக்கி வைத்திருப்பேன்.

அறைக்குள் ஈர வாடை. கட்டிலைப் போட்ட பிறகு பெட்டியை விரிக்க இடமில்லை. சின்ன மகள் ஓடிப்போய் திரையை விலக்கினாள். பின்னால் வெறும் சுவர். "வாப்பா, ஜன்னலக் காணல்ல" என்றாள்.

கீழே போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த தம்பி தமிழ் பேசுபவர். "இந்த விலைக்கு ஜன்னல் ரூம் வராதுண்ணே" என்றார். அவரோடு சண்டை பிடித்து என்ன பயன்? அவரும் சம்பளத்துக்கு நிற்பவர்.

அந்தப் பக்கம் பழைய கடைவீடுகள் நிறைய. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், இரண்டு பக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். அதைத் தடுத்து அறைகளாக்கினால் முன்னாலும் பின்னாலும் உள்ளவற்றுக்குத்தான் ஜன்னல் கிடைக்கும். நடுவில் உள்ளவை பெட்டி மாதிரி. சுபஹ் ஆகிவிட்டதா என்பதைக்கூட ஃபோனைப் பார்த்துத்தான் அறிந்தோம். கிப்லா அம்புக்குறி மட்டும் கூரையில் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். கீழே, சின்ன எழுத்தில் "ஜன்னல் இல்லை" என்று இருந்தது. வாசிக்காதது என் பிழை. ஆனால் ஜன்னலுள்ள அறையின் படத்தை மேலே போட்டது யார் பிழை?

ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்க நின்டீங்க? உம்மா வாப்பாவக் கூட்டிக்கொண்டு நானும் போகப் போறன்" என்று கேட்டார். "நல்ல இடம் சேர்" என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. காசு குறைந்த இடத்தில் நின்றேன் என்று சொல்ல வெட்கம். ஏமாந்தேன் என்று சொல்ல அதைவிட வெட்கம். எழுபது வயது உம்மா அந்த அறையில் மூச்சு முட்ட இருப்பதை நினைத்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். கோபுரத்தைப் போடுகிறோம், அறையை மறைக்கிறோம். அடுத்தவர் நம் படத்தை நம்பி அதே அறைக்குப் போகிறார். ஹோட்டல்காரர் ஒரு படத்தால் ஏமாற்றினார். வாயை மூடிக்கொண்டால் நானும் அதையேதான் செய்கிறேன்.

குறைந்த காசு கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள். குறைந்த விலைக்குச் சின்ன அறை தரலாம், பழைய கட்டில் தரலாம். இல்லாத ஜன்னலைக் காட்டக் கூடாது. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

போகிறவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சில:

- அறையின் அளவைப் பாருங்கள். 11 சதுர மீட்டர் என்றால் சுமார் 118 சதுர அடிதான். நாலு பேருக்குப் போதாது.
- ஜன்னல் உண்டா என்று எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆகக் குறைந்த புள்ளி கொடுத்தவர்களின் விமர்சனத்தை முதலில் வாசியுங்கள். தங்கியவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள்.
- இலவசமாக ரத்துச் செய்யக்கூடியதை எடுங்கள், அல்லது முதலில் ஓர் இரவுக்கு மட்டும் எடுங்கள். நான் மிச்சம் பிடித்த கொஞ்சக் காசு நாலு இரவையும் கட்டிப்போட்டது.

கோலாலம்பூரில் குறை இல்லை. ரயில், சாப்பாடு, வழி கேட்டால் கூடவே வந்து காட்டும் மனிதர்கள், எல்லாம் நல்லது. பிள்ளைகள் இன்னும் அதையே கதைக்கிறார்கள்.

ஹோட்டலின் பெயரை இங்கே போடவில்லை. புக் பண்ணிய தளத்திலேயே, அந்தத் திரையின் படத்தோடு விமர்சனம் எழுதிவிட்டேன். நீங்களும் எங்காவது இப்படி நின்றிருந்தால் வெட்கப்படாமல் கமென்டில் எழுதுங்கள். அடுத்த லீவுக்குக் காசு சேர்க்கும் ஒருவர் வாசிப்பார்.