பதினைந்து நிமிடக் கட்டங்கள்

இப்பருவம் முதல் எங்கள் துறைக்கு நேரப் பதிவேடு வந்திருக்கிறது. நாளைப் பதினைந்து நிமிடக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம் என்று எழுதவேண்டுமாம். ஒளிக்க எங்களிடம் ஏதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேரப் பணி என்றும், அதில் நேரடிக் கற்பித்தல் 16 மணி நேரம் என்றும் வகுத்தன. எஞ்சிய நேரமும் பணிதான் என்பது விதி வகுத்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. படிவம் வகுத்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

குறுந்தொகைப் பாடலொன்றை ஒரு மணி நேரம் நடத்த, முந்தைய இரவு உ.வே.சா. உரையோடு நெடுநேரம் அமர்கிறோம். அது எந்தக் கட்டம்? 'இதர பணிகள்' என்று எழுதினால் 'விளக்கம் தருக' எனத் திரும்பி வருகிறது. 'கூட்டம்' என்று எழுதினால் கேள்வியே இல்லை. ஆகவே கூட்டங்கள் பெருகிவிட்டன!

1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில், நிறுத்துகடிகாரத்தை எதிர்த்து வார்ப்படத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1915இல் அந்நாட்டு நாடாளுமன்றமே ஆயுதச்சாலைகளில் அக்கடிகாரத்தைத் தடுத்தது. எண்ணிப் பார்க்கக்கூடிய இரும்பு வேலைக்கே அப்படி.

'வாசிப்பு' என்றொரு கட்டமேனும் சேருங்கள் என்று துறைக் கூட்டத்தில் கேட்டோம். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அக்கூட்டத்துக்கு ஆறு கட்டங்கள் செலவாயின.