தங்க நட்சத்திரமும் ஒரு பித்தளைத் துண்டும்

ஞாயிற்றுக்கிழமை கார் பந்தய ஒளிபரப்பைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பந்தய நடுவே கார்கள் வந்து நிற்கும் பிட்டில் டயர் மாற்றிய குழுவில் ஒரு பெண் இருந்தார். வர்ணனையாளர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வியந்தார்; அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டுகிறவருக்குப் பெயர் உண்டு, வண்டியைச் சரிசெய்கிறவருக்குக் கிடையாது என்ற வழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழகியதுதான்.

பந்தயத் தடத்தில் ஒரு பெண் இருப்பதில் வியக்க என்ன இருக்கிறது? இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் அருகே இருந்த புரூக்லேண்ட்ஸ் கார் பந்தயத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைகளில் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலத்தில், ஹியூ லாக் கிங் தன் சொந்த நிலத்தில் கட்டியது. 1907 ஜூனில் திறப்பு விழா ஊர்வலத்தின் முதல் காரை ஓட்டிப்போனவர் அவர் மனைவி எத்தல். மறு ஆண்டு அங்கே நடந்த பெண்கள் பந்தயத்தில் மியூரியல் தாம்சன் ஜெயித்தார். அதற்குப் பிறகு பல வருடம் பெண்களை ஓட்ட விடாமல் வைத்திருந்ததும் அதே இடம்தான்.

ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் சுற்று, 30 மீட்டர் அகலம். வளைவுகளில் கான்கிரீட் தளம் சுவர்போல் 9 மீட்டர் வரை எழும். வேகத்தை அதிகம் குறைக்காமல் திரும்பலாம். ஆனால் நாளடைவில் கான்கிரீட் இறங்கி மேடும் பள்ளமுமானது. வே ஆற்றுப் பாலத்தருகே, பாய்ந்து வரும் கார்களின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். 1935இல் ஜான் காப் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் சுற்றியதை அங்கே யாரும் முறியடிக்கவில்லை.

எனக்கு காப்பைவிட முக்கியமானவர் பியாட்ரிஸ் ஷில்லிங். அந்தக் குலுக்கும் தடத்தில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலைத் தாண்டிச் சுற்றினால் தங்க நட்சத்திரச் சின்னம் தருவார்கள். தானே டியூன் செய்த நார்ட்டன் வண்டியில் 1934இல் அதை வாங்கினார். மான்செஸ்டரில் படித்த பொறியாளர். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டனின் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் ஒரு கோளாறு. விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து எஞ்சின் திணறும். எரிபொருளை நேராகப் பீய்ச்சும் அமைப்பு கொண்ட ஜெர்மன் விமானங்கள் அப்படியே பாய்ந்து தப்பிவிடும். ஷில்லிங் செய்தது, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எஞ்சின் முழு வலுவில் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ அவ்வளவு மட்டும் போகும்படி அந்த ஓட்டைக்கு அளவு. 1941இல் அவரும் ஒரு சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். விமானிகள் அதை அவர் பெயராலேயே அழைத்தார்கள். அதற்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

முதல் ஹரிக்கேன் 1935இல் பறந்து கிளம்பியது புரூக்லேண்ட்ஸ் தடத்துக்குள் இருந்த ஓடுதளத்திலிருந்துதான். ஷில்லிங் நார்ட்டனில் சுற்றிய அதே இடத்தில் பின்னர் ஹரிக்கேன்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டினார்கள். 1939க்குப் பிறகு அங்கே பந்தயமே கிடையாது. போர் முடிந்ததும் தடம் விக்கர்ஸ் விமான நிறுவனத்தின் கைக்குப் போனது. ஷில்லிங் பந்தயத்தை விடவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறி, வேறு தடங்களில் ஓட்டினார்.