கடவுச்சொற்கள் வெளியேறும் வழி

இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பம் எல்லாமே இன்று கைத்தொலைபேசியில் கடவுச்சொற்களுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைச் சேமித்துவைக்கும் செயலியை மாற்றும்போதுதான் பெரிய ஆபத்து. பல செயலிகள் பழைய சேமிப்பை சிஎஸ்வி என்னும் சாதாரண அட்டவணைக் கோப்பாகவே வெளியே தருகின்றன. இணையத்தளம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் அதில் எவரும் திறந்து வாசிக்கலாம். வேலை முடிந்த பின்னும் கோப்பு கருவியிலேயே கிடக்கிறது. மாத்தளை நகரில் ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்துச் செய்வித்தால், கடைக் கணினியிலும் ஒரு பிரதி தங்கிவிடக்கூடும். கடைக்காரர் நேர்மையானவராக இருக்கலாம்; அந்தக் கணினியை அடுத்துத் தொடுபவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

மாற்றாமலே இருந்துவிடலாமே என்பார்கள். அந்தத் தெரிவு எப்போதும் நம் கையில் இல்லை. 2022இல், கடவுச்சொல் சேமிப்புச் செயலி நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் ஊடுருவியவர்கள் வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளையே எடுத்துச் சென்றனர். மைக்ரோசொஃப்ட் 2025 ஓகஸ்டில் தன் ஒதென்டிகேட்டர் செயலியில் கடவுச்சொல் சேமிப்பை நிறுத்திவிட்டது. பயனர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. கொப்பியில் எழுதிவைப்பது போதாதா என்ற கேள்வியை நான் ஏளனம் செய்யமாட்டேன். நாலைந்து கணக்கு மட்டும் உள்ளவருக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட வீட்டுக்குள் பூட்டிய கொப்பி எவ்வளவோ மேல். கணக்குகள் பெருகினால் அது தாங்காது.

எழுதிவைப்பதும் பிரதியெடுப்பதும் இப்பகுதிக்குப் புதிதல்ல. மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்வழி வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் ஏறியது என்கிறது மரபு. 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த நூலகம் அழிந்தும் திரிபிடகம் அழியவில்லை. வேறிடங்களில் பிரதிகள் இருந்தன. கடவுச்சொல்லுக்கு நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு பிரதியும் திருடனுக்கு இன்னொரு வாய்ப்பு.

ஒரு செயலியை விட்டு வெளியேறுவதை எளிதாக்கினால் திருட்டும் எளிதாகுமே என்பது நியாயமான அச்சம். ஆனால் திருடனுக்கு வசதியானது இப்போதுள்ள சிஎஸ்விதான். உள்நுழைவுப் பாதுகாப்புக்கான நியமங்களை வகுக்கும் பைடோ கூட்டமைப்பு 2024 ஒக்டோபரில் வெளியிட்ட வரைவு, ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் குறியாக்கம் செய்தே அனுப்பும் முறையை வகுக்கிறது; இடையில் வாசிக்கத்தக்க கோப்பு உருவாகாது. அதை எல்லா நிறுவனங்களும் ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் ஒருவர் தன் தரவைத் தன்னோடு எடுத்துச்செல்லும் உரிமை 2018 முதல் சட்டத்தில் இருக்கிறது. நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமைகளை வகுத்திருக்கிறது. எடுத்துச்செல்லும் உரிமையை அது தனியாக வகுக்கவில்லை. அந்த உரிமையும், அது பாதுகாப்பாக நிறைவேற வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் சேர வேண்டும். அதுவரை, மாற்றுபவர்கள் சொந்தக் கருவியிலேயே அதைச் செய்யட்டும். புதிய செயலியில் எல்லாம் வந்துசேர்ந்ததைச் சரிபார்த்த உடனே கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கட்டும். கடைக் கணினியில் ஏற்கெனவே செய்தவர்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுவது நல்லது.