ஆள் வேண்டும், ஓராண்டுக்காவது!



பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. நாம் இன்னும் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியின் வரவு செலவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம். ஏஜென்ட் கிளம்பிவிட்டான். செங்கல் சூளைக்கு, பெங்களூருவில் சென்ட்ரிங் வேலைக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று முன்பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருகிறான். எந்த வீட்டுப் பையன் கணக்கில் கோட்டைவிட்டான், எந்த வீட்டில் அப்பா குடித்தே செத்தார், எந்தப் பெண்ணுக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். நம் சபை வாலிபர் சங்கத்தில் யாருக்காவது அதில் பாதி தெரியுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். ஆதி அருணாசலேஸ்வரர் கோவிலும் மாணிக்கவாசகர் கோவிலும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கில் கால்கள் நடக்கும் சாலை. அந்தச் சாலையோரம் சைக்கிள் கேரியரில் சுக்கு காபி டிரம்மைக் கட்டிக்கொண்டு நிற்பவன் ஒன்பதாம் வகுப்பு. செருப்புக்கு டோக்கன் கொடுப்பவன் பத்து. லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் பதினொன்றில் சேர்ந்து பாதியில் நின்றவள். ஒரே ராத்திரியில் கையில் நோட்டு புரளும். பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் எத்தனை பெஞ்சு காலி என்று பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பையனைக் கேட்டால், “படிச்சி இன்னாண்ணா ஆவப்போவுது? எங்க அண்ணன் பிஏ முடிச்சிட்டு ஆட்டோதான் ஓட்டுறான்” என்பான். இந்தக் கேள்விக்கு ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அவனோடு உட்கார்ந்து, அண்ணன் என்ன படித்தான், எங்கே சறுக்கினான், இவன் என்ன படித்தால் சறுக்காமல் இருக்கலாம் என்று பேச ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

பேச ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலை, போளூர்ப் பக்கத்துக் கூலிகள். அவர்களை அனுப்பி வைத்ததும் ஒரு புரோக்கர், ஒரு முன்பணம். அன்று அப்பன் செத்தது என்னவென்று புரியாமல் அம்மா இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று பத்தாம் வகுப்பை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஏஜென்ட் கதவைத் தட்டுவது அந்த வீடுகளிலும்தான்.

நமக்கு விபிஎஸ் நன்றாக வரும். பத்து நாள் பாட்டு, ஆக்‌ஷன், பிஸ்கட், கடைசி நாள் சான்றிதழ், ஃபிளெக்ஸ் பேனரில் ஆயரும் நாமும். சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வயதுக்காரனுக்குப் பத்து நாள் அன்பு பலன் தராது. கெடுதலும் செய்யும். இதை நானாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்றொரு அமைப்பு, நூறாண்டுக்கும் மேலாக ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று துணை சேர்த்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளை வைத்து கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ துணை நீடித்த பிள்ளைகளுக்கு நல்ல பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் துணை அறுந்துபோன பிள்ளைகளுக்கோ, தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே நாலு பேர் கைவிட்ட பிள்ளையை ஐந்தாவது ஆளாக நாமும் கைவிட்டால் வேறென்ன ஆகும்?

அதனால் இந்த அழைப்பு எல்லாருக்கும் இல்லை. ஓராண்டு நிற்க முடியாதவர்கள் தயவுசெய்து வராதீர்கள். ஐம்பது பேர் வந்து ஆடிக்குள் நாற்பது பேர் ஓடுவதைவிட எட்டுப் பேர் வந்து எட்டுப் பேரும் அடுத்த மே மாதம் வரை நிற்பது எனக்குப் போதும்.

“நம்ம சபைப் பிள்ளைங்களா?” என்று கமிட்டியில் கேட்பார்கள். கேட்கட்டும். அடி அண்ணாமலையில் பெரும்பாலும் நம் சபைப் பிள்ளைகள் இல்லை. மலை பார்த்துக் கும்பிடுகிற வீடுகள். அவர்களிடம் நாம் சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தோடு போகப்போவதில்லை. டியூஷனுக்குக் கூலியாக ஜெபக்கூட்டத்துக்கு வரச்சொல்வது அன்புமல்ல, ஊழியமுமல்ல, அது பேரம். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நம் திருச்சபை எங்கிருந்து வந்தது என்று கமிட்டிக்கு நினைவுபடுத்துங்கள். லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைச் சகித்துக்கொண்டபோது, முடியாது என்று முறித்துக்கொண்டு வெளியேறியவர் கார்ல் ஒக்ஸ். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய வேலைதான் 1860களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. அந்த வழியில் வந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியும் டி.எம். சாரோன் என்ற பகுதியும் அந்த வேலையின் மிச்சம். அந்தப் பள்ளி வாசலில் படித்து ஆளானவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்? ஊரில் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், சிரிப்பார்கள். “நம்ம பிள்ளையா?” என்ற கேள்வியை முறித்துப் பிறந்த சபையில் அதே கேள்வி திரும்பக் கேட்கக்கூடாது.

வேலை என்ன என்கிறீர்களா? பெரும்பகுதி காகித வேலை. 1852இல் தூரின் நகரில் ஒரு தச்சு மேஸ்திரியிடம் ஒரு பையனை வேலைக்குச் சேர்த்தபோது, கத்தோலிக்கக் குரு டான் போஸ்கோ என்ன செய்தார் தெரியுமா? ஒப்பந்தம் எழுதினார். இரண்டு வருடத்தில் தொழிலை முழுதாகக் கற்றுத் தரவேண்டும், தப்பு செய்தால் வாயால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது, ஓய்வு நாளில் விடவேண்டும் என்று வரிவரியாக. மேஸ்திரி, பையன், பையனின் அப்பா எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். டான் போஸ்கோவும் கையெழுத்துப் போட்டார். பிரசங்கத்தைவிட அந்தக் காகிதம்தான் அந்தப் பையனின் முதுகைக் காப்பாற்றியிருக்கும்.

நம் காகிதங்கள் வேறு. கணக்கில் தவறியவன் துணைத் தேர்வுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும், இந்த வருடமே எழுதிப் பாஸ் செய்துவிடலாம். இது தெரியாமல்தான் பலர் சூளைக்குப் போகிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். கூலிக்குப் போகும் அம்மாவால் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு நிற்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐடிஐக்கோ போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், அதே 1000. ஆனால் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் ஒரு பைசா வராது. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரான குடும்பமென்றால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுவார்கள். அவர்களுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு என்பது நம் சபைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

காகிதம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். வாரம் ஒரு மணி நேரம். அறிவுரை வேண்டாம், வீட்டில் அது நிறையக் கிடைக்கிறது. கிரிக்கெட், சினிமா, அவன் காதல், அவள் கோபம், எதுவானாலும் பரவாயில்லை. காசு கொடுக்காதீர்கள், போன் வாங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கிக் கொடுப்பவர் ஆகிவிட்டால் அண்ணன், அக்கா ஆக முடியாது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. பெற்றோரிடம் பேசி சம்மதம் வாங்கியபின் மட்டுமே ஆரம்பம். பெண் பிள்ளைகளுக்கு அக்காமார்தான் துணை. சந்திப்பது நாலு பேர் கண்ணில் படும் இடத்தில், பள்ளி வராந்தாவிலோ கோவில் குளக்கரையிலோ. தனி அறை, தனி பைக் பயணம், இரவு நேர மெசேஜ் எதுவும் கிடையாது. போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, ஆயர் மகனுக்கும் அதுதான் சட்டம். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது காதில் விழுந்தால் கூட்டம் போட்டு யோசிக்காதீர்கள், உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள். அழைத்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காபிக்கு நிற்க வேண்டாம், நேராக அடி அண்ணாமலை. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒவ்வொரு தெருவாகப் போவோம். நோட்டு, பேனா, துணைத் தேர்வுக்கான கடைசித் தேதி எழுதிய சீட்டு இவை போதும். பேனர் வேண்டாம், மைக் வேண்டாம். பௌர்ணமி நெருங்குகிறது, அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள், அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும். வருகிறவர்கள் இன்றிரவே பெயர் கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் “அடுத்த மே வரை” என்று எழுதிக் கையெழுத்தும் போடுங்கள்.