அரசுப் பணம் ஒரு தலைமுறையோடு கரையலாமா?

அடையாறு காந்தி நகரில் ஒரு மனை விலை கேட்டால் இன்று பெரிய சம்பளக்காரர்களே மலைத்துப்போவார்கள். அந்த நகர் பிறந்தது கூட்டுறவில். நாடு விடுதலை பெற்ற கையோடு, சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் மனை பிரித்து உருவாக்கிய குடியிருப்பு அது.

கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் பணியில் இருந்த நாட்களில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கு எல்.ஐ.சி. கடன் தரும், மாநில அரசு ஜாமீன் நிற்கும். அந்தப் பணம் மாநிலக் கூட்டுறவு வீட்டுவசதி இணையம் வழியே சங்கத்துக்கு வந்து, உறுப்பினர் கைக்குப் போகும். கடைசித் தவணை கட்டியதும் பத்திரம் திரும்பக் கிடைக்கும். அதோடு அந்த வீட்டுக்கும் சங்கத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிள்ளைகள் தலையெடுத்ததும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி, சந்தை விலைக்கு விற்பார்கள். விற்றவர்கள்மேல் தவறில்லை, சட்டம் அப்படி. ஆனால் பொதுமக்கள் பணத்தை ஜாமீனாக வைத்து உண்டாக்கிய மலிவு, ஒரே தலைமுறையோடு தீர்ந்துபோயிற்று.

நகருக்குள் மலிவு வீடு இல்லாமல்போனதன் விலையை ஏழைகள் கொடுக்கிறார்கள். மந்தைவெளியில் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண், அடையாற்றங்கரையில் வாழ்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். வேலை இங்கேயே இருப்பதால் விடியுமுன் பஸ் பிடிக்கிறார். வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது.

2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில், நலிந்த பிரிவினருக்கான அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாய் தந்தது. அது கட்டடச் செலவுக்கு உதவும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டின் விலை மண்ணில் அல்லவா இருக்கிறது? அதனால்தான் மலிவு வீடெல்லாம் ஊருக்கு வெளியே போகிறது.

மலிவு ஒரு தலைமுறையோடு தீராமல் இருக்க, உருகுவே நாட்டில் 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் வழி செய்தது. உறுப்பினர்கள் உடலுழைப்பைத் தருகிறார்கள், அரசு நீண்டகாலக் கடன் தருகிறது, வீடுகள் சங்கத்தின் பெயரிலேயே நிற்கின்றன. விலகுகிறவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு போகலாம். வீட்டைச் சந்தையில் விற்க முடியாது. பணக்கார சூரிச் நகரமும், 2050க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு லாப நோக்கமற்றதாக இருக்க வேண்டும் என்று 2011இல் வாக்கெடுப்பில் முடிவெடுத்தது.

கூட்டுறவு என்றாலே ஊழல்தானே என்பார்கள். தேர்தலே நடக்காமல் வருடக்கணக்கில் அரசு நியமித்த தனி அலுவலர் கையெழுத்தில் ஓடிய சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்கள் கூடித் தணிக்கை அறிக்கையை வாய்விட்டுப் படித்துக் கேள்வி கேட்ட சங்கங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே பணம் காணாமல் போகவில்லை. ஆகவே அரசு உதவிக்கு முதல் நிபந்தனை, காலம் தவறாத தேர்தல்.

பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் வீட்டுவசதி வாரியத்துக்கு நிலம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியையாவது தனியாருக்கு ஏலம் விடாமல், அந்தந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களின் சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுங்கள். குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். பட்டாவை மட்டும் யாருக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.