ஜெர்ரிமாண்டரிங் என்றால் என்ன? தொகுதி மறுவரையறையும் இதுவும் ஒன்றா?

அமெரிக்க தேர்தல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தை ‘ஜெர்ரிமாண்டரிங்’. நம்மூரில் தொகுதி மறுவரையறை பற்றிப் பேச்சு வரும்போதும் சிலர் இதைச் சொல்கிறார்கள். ஆனால், ரெண்டும் ஒண்ணு இல்லை.

அர்த்தம் என்ன?

ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதியின் எல்லைக்கோட்டை வளைத்து வரைவதுதான் ஜெர்ரிமாண்டரிங். வாக்காளர்கள் அதே ஆட்கள்தான். கோடு மட்டும் மாறும், அதனால் முடிவும் மாறும்.

பெயர் வந்த கதை

1812-ல் மாசசூசெட்ஸ் மாகாண ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. தன் கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட தொகுதிகளுக்கு அவர் கையெழுத்து போட்டார். அதில் ஒரு தொகுதி, பல்லி போல இருக்கும் ‘சாலமாண்டர்’ என்ற உயிரினத்தின் வடிவத்தில் இருந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதைக் கார்ட்டூனாகப் போட்டு, ரெண்டு பெயரையும் ஒட்டி ‘கெர்ரிமாண்டர்’ என்று கிண்டலடித்தது. காலப்போக்கில் உச்சரிப்பு ‘ஜெர்ரி’ ஆகிவிட்டது.

எப்படி நடக்கும்?

50 வாக்காளர்கள், 5 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ கட்சிக்கு 30 பேர், ‘ஆ’ கட்சிக்கு 20 பேர் ஆதரவு. இப்போது ‘அ’ ஆதரவாளர்கள் 18 பேரை இரண்டே தொகுதிகளில், தலா 9 பேராக அடைத்துவிட வேண்டியது. மீதி 12 பேரை மூன்று தொகுதிகளில் தலா 4 பேராகச் சிதறவிட்டால், அந்த மூன்றிலும் தலா 6 ஓட்டுடன் ‘ஆ’ ஜெயித்துவிடும். குறைந்த ஓட்டு, ஆனால் அதிக சீட்!

இப்போது ஏன் பேச்சு?

2025-ல் குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 5 இடங்கள் கிடைக்கும் வகையில் டெக்சாஸ் மாகாணம் புது வரைபடம் கொண்டுவந்தது. பதிலுக்கு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை கலிபோர்னியா வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றியது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது குறித்த வழக்குகளை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என 2019-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

தமிழ்நாட்டு விவாதம் வேறு

இந்தியாவில் எல்லை வரைவது ஓய்வுபெற்ற அல்லது பதவியில் இருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். தமிழ்நாட்டின் முக்கியக் கவலை கோட்டைப் பற்றியது இல்லை, எண்ணிக்கையைப் பற்றியது. நம்மிடம் இருக்கும் 39 மக்களவைத் தொகுதிகள் 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கொடுக்கப்பட்டவை. புதிய கணக்கின்படி பிரித்தால், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் பங்கு குறையும் என்பதுதான் அச்சம். இது இடங்களைப் பங்கு போடும் பிரச்னை. ஜெர்ரிமாண்டரிங் இல்லை.

எப்படிப் பயன்படுத்துவது?

எல்லை மாற்றம் எல்லாவற்றுக்கும் இந்த வார்த்தை பொருந்தாது. வெறும் மாற்றத்தைச் சொல்ல ‘ரீடிஸ்ட்ரிக்டிங்’ போதும். ‘ஜெர்ரிமாண்டரிங்’ என்றால் அது குற்றச்சாட்டு. சொல்வதற்கு முன் ஒரே கேள்வி: இந்தக் கோட்டால் எந்தக் கட்சிக்கு லாபம்? அதற்குப் பதில் இல்லையென்றால், இந்த வார்த்தையும் வேண்டாம்.