பெயிண்ட் காய்ந்ததும் வேலை முடிவதில்லை

பழைய காரை வீட்டிலேயே பிரித்துப் போட்டுச் சீராக்குகிறவர்களிடம் எப்போது முடியும் என்று கேட்டால், பெயிண்ட் அடித்துவிட்டால் முடிந்தது என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, கடைசிப் பூச்சு மினுங்கத் தொடங்கியதும் போர்டிகோவுக்கே கல்யாணக் களை வந்துவிடுகிறது. உறவினர்கள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களில் வண்டியின் மேல் தார்ப்பாய் ஏறுகிறது.

அதுவரை போட்ட உழைப்பையெல்லாம் மெல்லத் தின்பது அந்தத் தார்ப்பாய்தான். சாலையில் ஓடாத காரை மீட்டெடுத்த காராகக் கணக்கில் வைக்கக் கூடாது. உரிமையாளர்களின் பளபளப்பு மோகமும் அரசின் விதிகளும் சேர்ந்து இந்தக் கார்களை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கின்றன. இரண்டுமே மாற வேண்டும்.

சென்னைக்கு நெருக்கமான உதாரணம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமான இந்தக் காருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதை வண்டலூரை ஒட்டிய தன் ஆலையில் தயாரித்தது. அம்பாசிடர் கல்கத்தாவின் கார், ஃபியட் பம்பாயின் கார் என்றால் ஹெரால்டு மெட்ராஸின் கார். பிறந்த நாட்டில் இரண்டு கதவோடு நின்றுவிட்ட ஹெரால்டுக்கு இங்கேதான் நான்கு கதவு வைத்தார்கள். 1970களில் அதிலிருந்து கெஸல் வந்தது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் உடலுக்குள் ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் காலத்து 2 லிட்டர் எஞ்சினைச் சுமந்துகொண்டு வந்து தோற்றது. 1988-இல் ஆலையில் உற்பத்தி நின்றது.

எனவே உதிரிபாகம் கேட்டுப் போய் நிற்க இன்று நிறுவனம் இல்லை. சென்னையின் உதிரிபாகச் சந்தைகளான புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் கைவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டியதுதான்.

வீட்டில் வைத்துச் சீராக்க ஹெரால்டு தோதான கார். இதன் சேஸிஸ் தனி, மேலே உட்காரும் உடல் தனி. உடலும் ஒரே வார்ப்பாக இல்லாமல் போல்ட் போட்டு இணைத்த பாகங்களாக இருப்பதால் துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றலாம். பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். கழற்றுவது இவ்வளவு சுலபம் என்பதால் கழற்றியவர்கள் அதிகம். மாட்டியவர்கள் அதைவிடக் குறைவு. எல்லாப் பாகத்தையும் மாட்டிய பிறகு கதவு இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக நிற்கும். சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே தகடு செருகிச் செருகிச் சரிசெய்ய வேண்டும். வயரிங், ரப்பர் பீடிங், மீட்டர் கேபிள், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகள் வரிசைகட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான் உயிரும் இருக்கிறது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் எனப்படும் பித்தளைத் துண்டுக்குள் மரையோடு இறங்கியிருக்கும். அதற்குள் கியர் ஆயில் விட வேண்டும். வழக்கமான பழக்கத்தில் கிரீஸ் அடித்தால் அது மரை இடுக்குகளுக்குள் சரியாகப் போய்ச் சேராது. உள்ளே தண்ணீர் புகுந்து இரும்பு துருவேறி, ஒருநாள் வண்டி திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். எந்தப் படத்திலும் விழாத துண்டு இது. பெயிண்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் ஆயில் செலவு ஒன்றுமே இல்லை.

எஞ்சின் கதையும் இப்படித்தான். போர் பண்ணிப் புது ரிங் போட்ட 948 சிசி எஞ்சினை போர்டிகோவிலேயே ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் உறும விட்டு அணைப்பவர்கள் அதற்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்கார எஞ்சின் சுமை இழுக்க வேண்டும். வெறும் ஐடிலிங்கில் சுவர் வழவழப்பாகி, ரிங் உட்காராமலே போய், ஆயில் புகை தொடங்கும். புது எஞ்சின் சாலைக்கு வர வேண்டும். சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓடி, முதல் ஆயிலை வடித்து மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்த பிறகே அது தேறியதாகச் சொல்ல முடியும்.

நிற்கும் காரில் இன்னும் பல நடக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவேறி இறுகும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் இதைக் கூடுதல் சிக்கலாக்கியிருக்கிறது. இன்று பம்புகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும்; டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் அடியில் பிரிந்து தங்கும்; பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் போடாத கார், பெயிண்ட் எவ்வளவு மினுங்கினாலும் பாதியில் விட்ட கார்தான்.

இதெல்லாம் உரிமையாளரின் கையில் இருப்பவை. அடுத்தது அரசின் கையில் இருப்பது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதித்தது நல்ல முடிவு. ஆனால் இப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

50 வயது ஆகாத பழைய கார்களுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800, வின்டேஜ் என்ற தகுதியைப் பெற 2033 வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்டாண்டர்டு 2000 காரைச் சொந்தச் செலவில் எழுப்பி நிறுத்துபவர், 2035 வரைக்கும் சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டிக்காரர்தான்.

சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு கடந்ததையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டுக்குப் பிறகு, மூல நிலையில் இருக்கிறதா என்று பரிசோதித்து, எண்ணின் முடிவில் 'எச்' எழுத்துத் தருகிறார்கள்; பெரும்பாலான கார்களுக்கு ஆண்டு வரி சுமார் 191 யூரோ; தினமும் ஓட்டத் தடையில்லை. பெரிய மாற்றம் செய்யாத 40 வயது கார்களுக்கு பிரிட்டன் சாலை வரியிலிருந்தும், 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்கு அளிக்கிறது.

புகையும் பாதுகாப்பும் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. ஹெரால்டில் ஏர்பேக் கிடையாது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கிடையாது. அதற்காக பிரிட்டன் போலச் சோதனையைக் கைவிடத் தேவையில்லை. வயது வரம்பை 30 ஆகக் குறைத்து, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, பிரேக், ஸ்டீயரிங், டயர், புகை ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் ஒரு கார், தினமும் நெரிசலில் நிற்கும் கார்களின் புகைக் கணக்கில் பெரிய இடம் பிடிக்காது.

சலுகை கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. ஃபிவா ஏற்ற தூரின் சாசனம், மூலப் பாகத்தைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. செய்த வேலையையெல்லாம் பதிவு செய்யவும் சொல்கிறது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, எதை மாற்றினோம், எதை வைத்துக்கொண்டோம், எந்த லேத்தில் கடைந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மூல வடிவம் பற்றிய அதிகாரியின் கேள்விக்கு வாய்ப்பேச்சை நம்பி நிற்க வேண்டாம்.

வின்டேஜ் வாகனங்களைப் பார்த்துச் சான்றளிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழு அமைக்க வேண்டும் என்கிறது 2021 விதி. வயது வரம்பை மாற்றுவது டெல்லியின் வேலை. அந்தக் குழுவில் யார் உட்கார வேண்டும் என்பதில் மாநிலம் குரல் கொடுக்கலாம். ஹெரால்டின் ட்ரன்னியனுக்குள் ஆயில் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவருக்கு அதில் ஒரு நாற்காலி போடுவதிலிருந்து தமிழ்நாடு தொடங்கலாம்.